பந்தலைப் பார்க்க வந்தவங்க



இந்த மலருக்கு நம்ம பள்ளத்தாக்கு வரலாறு பத்தி ஒரு கட்டுரை எழுதித் தரணும்னு கூட்டமைப்பில கேட்டாங்க. ராஜா, ஜமீன், கோயில் கல்வெட்டு இதெல்லாம் படிச்சவங்க எழுதட்டும். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. நாம எல்லாரும் கண்ணால பார்த்த ஒரு வரலாறு இருக்கு, அதை எழுதுறேன். திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கிறதுக்குன்னே வெளியூர்க்காரங்க வண்டி பிடிச்சு வர ஆரம்பிச்ச கதை. வெள்ளாமை நடக்கிற காட்டுக்குள்ள சுற்றுலா வந்த கதைன்னும் சொல்லலாம். அதுல நம்ம பொம்பளைங்க கைக்கு என்ன வந்துச்சு, என்ன வரலைங்கிறதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

தண்ணியில இருந்து ஆரம்பிக்கிறேன். 1895 அக்டோபர் மாசம் முல்லைப் பெரியாறு அணையைத் திறந்தாங்க. மேற்கே ஓடிக் கடல்ல கலந்த தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பிவிட்டார் பென்னிகுக். அந்தத் தண்ணியில லோயர் கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர்ல இருபோகம் நெல் விளையுது. இது நம்ம பிள்ளைங்களுக்கே மனப்பாடம். லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்கு (2013 ஜனவரி 15-ல திறந்தது) நாமும் சங்கத்தோட போய் மாலை போட்டுட்டு வந்திருக்கோம்.

ஆனா அதே அணையால மலைக்கு அந்தப் பக்கம் என்ன ஆச்சுன்னு நாம அவ்வளவா பேசுறதில்லை. காட்டுக்குள்ள தேங்கி நின்ன தண்ணிதான் தேக்கடி ஏரி. படகுல போனவங்க பார்த்திருப்பீங்க, தண்ணிக்குள்ள மொட்டை மரம் நின்னுக்கிட்டே இருக்கும். அணை கட்டுறதுக்கு முந்தி அங்கே காடு இருந்ததுக்கு அதுதான் சாட்சி. அந்த ஏரியைச் சுத்தி யானை, காட்டெருமைன்னு பார்க்க ஆளு வந்து, 1978-ல அது புலிகள் காப்பகமும் ஆச்சு. உலகத்துல பல நாட்டுல இருந்தும் அங்கே வர்றாங்க. ஆக, ஒரே அணை நமக்கு வயலைக் கொடுத்துச்சு, அவங்களுக்கு ஏரியைக் கொடுத்துச்சு. பின்னாடி ஏரி பார்க்க வந்தவங்க மலையிறங்கி வயலும் பார்க்க வந்தாங்க. எனக்கு இந்தக் கதையே அப்படித்தான் தெரியுது.

நம்ம ஆளுங்க மலையேறிப் போறது அதுக்கெல்லாம் முந்தியே உண்டு. எங்க அம்மா இருபது வருஷத்துக்கு மேல ஏலத்தோட்டத்துக்குப் போனவங்க. விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு, சோத்தைக் கட்டிக்கிட்டு, ஜீப்புல பதினஞ்சு இருபது பேரு இடிச்சுப் பிடிச்சு உக்காந்து, கம்பம்மெட்டு வழியாவோ குமுளி வழியாவோ போவாங்க. இருட்டுன பெறகுதான் வீடு. இன்னைக்கும் அப்படித்தான் போறாங்க. காலையில கூலிக்கு ஜீப்பு மேலே ஏறும், பத்து மணிக்கு மேல சுற்றுலாக் காரு கீழே இறங்கும். ஒரே மலைரோடுதான்.

அந்த ரோட்டோரத்துக் கடைதான் முதல் படின்னு எங்க அத்தை சொல்லுவாங்க. கார்த்திகை, மார்கழியில சபரிமலைக்குப் போற ஐயப்பசாமிமாருங்க கம்பம், கூடலூர் வழியாத்தான் குமுளிக்குப் போவாங்க. ஆந்திரா, கர்நாடகாவுல இருந்தெல்லாம் வண்டி வரும். தோட்டத்துல அறுத்த பழத்தை ரோட்டோரம் கூடையில வச்சு வித்தாங்க. சாமிமாருங்க வண்டியை நிறுத்தி வாங்குவாங்க, அவ்வளவுதான். அப்போ தோட்டத்துக்குள்ள யாரும் வரமாட்டாங்க. வரணும்னு கேட்கவும் தோணாது, விடவும் தோணாது. காட்டுல என்ன இருக்கு பார்க்கிறதுக்கு?

இங்கே திராட்சையைப் பத்திக் கொஞ்சம் விவரமாச் சொல்லணும், ஏன்னா ஆளு வர்றதுக்குக் காரணமே அதுலதான் இருக்கு. நம்ம பன்னீர் திராட்சைக்கு வெளியூர்ப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததா சொல்றாங்க. நம்ம ஊர்ல காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர், ஆனைமலையன்பட்டி, கருநாக்கமுத்தன்பட்டி (நாம கே.கே.பட்டின்னு சொல்றது), அப்புறம் அந்தப் பக்கம் ஓடைப்பட்டின்னு கல்தூணும் கம்பிப்பந்தலுமா கிடக்குது. ஓடைப்பட்டியில விதையில்லாத பச்சைத் திராட்சை அதிகம், மத்த இடத்துல கறுப்புப் பன்னீர்.

மத்த ஊருத் திராட்சைக்கும் நம்ம திராட்சைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வெளிநாட்டுல குளிர்காலத்துல இலையெல்லாம் கொட்டி, கொடி தூங்கிப்போயிடும். வருஷத்துக்கு ஒரே அறுப்புத்தான். நம்ம நாட்டுலயே நாசிக் பக்கம் வருஷத்துக்கு ஒரு அறுப்பு. நம்ம பள்ளத்தாக்குல கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து வெட்டி ஏறக்குறைய நாலு மாசத்துல பழம் வந்துடும். இந்தத் தோட்டத்துக்காரர் தையில கவாத்து வெட்டினா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாசியில வெட்டுவாரு. அதனால எந்த மாசம் வந்தாலும் ஏதாவது ஒரு பந்தல்ல குலை தொங்கிக்கிட்டுத்தான் இருக்கும். ஓணத்துக்கு வந்தாலும் பழம் இருக்கு, கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தாலும் பழம் இருக்கு. ஒரு சுற்றுலா இடத்துக்கு இதைவிட வேற என்ன வேணும்?

கேரளாக்காரங்க தோட்டத்துக்குள்ள வர ஆரம்பிச்சது இன்ன வருஷம், இன்ன தேதின்னு சொல்ல முடியாது. தேக்கடியில பெரியாறு புலிகள் காப்பகம் நடத்தின சுற்றுலாவுல மாட்டுவண்டிப் பயணம்னே ஒண்ணு உண்டு. வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வந்து எல்லைக்கு இந்தப் பக்கம் நம்ம தமிழ்நாட்டுக் கிராமத்தையும் வயலையும் மாட்டுவண்டியில சுத்திக் காட்டுறது. நாம களையெடுக்கிறதையும் நாத்து நடுறதையும் காட்ட ஒரு டிக்கெட்! அதைக் கேள்விப்பட்டப்ப எங்க அத்தை விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "நம்ம வேலை செய்யறதைப் பார்க்கக் காசா? அப்ப நம்ம பங்கு எங்கடி?"ன்னு கேட்டாங்க. சிரிப்பாச் சொன்னதுதான், ஆனா இந்தக் கட்டுரை முழுக்க எனக்கு அந்தக் கேள்விதான் காதுல கேட்டுக்கிட்டு இருக்கு.

குமுளியைச் சுத்தி ஏலம், மிளகு, கிராம்பு, ஜாதிக்காய்த் தோட்டம் பார்க்கிற சுற்றுலா முந்தியே நல்லா நடந்துச்சு. ஆளை உள்ளே கூட்டிட்டுப் போய் இது ஏலச்செடி, இது மிளகுக்கொடின்னு காட்டிட்டு, வாசல்ல இருக்கிற கடையில மசாலாப் பொருள் விப்பாங்க. அந்த ஆளுங்களைக் கூட்டிட்டு வர்ற டிரைவருங்கதான் "கீழே போனா முந்திரித்தோட்டம் பார்க்கலாம்"னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க. (மலையாளத்துல முந்திரின்னா திராட்சை. முதல்ல கேட்டப்ப நாங்க முந்திரிக்கொட்டை கேட்கிறாங்கன்னு நினைச்சோம்.) சுருளி அருவிக்கு வந்தவங்களும் போற வழியில நின்னாங்க. அப்புறம் போன்ல படம் எடுத்து அனுப்புற காலம் வந்துச்சு. பந்தலுக்கு அடியில நின்னா தலைக்கு மேல கறுப்புக் கறுப்பாக் குலை தொங்கும், இலை வழியா வெயில் புள்ளி புள்ளியா விழும். ஒரு குடும்பம் எடுத்துப் போடுற படத்தைப் பார்த்து பத்துக் குடும்பம் வந்துச்சு.

நடுவுல ரெண்டு தடவை எல்லாம் நின்னு போச்சு. 2011 டிசம்பர்ல அணைப் பிரச்சனை பெருசாகி, குமுளி எல்லையை மூடிட்டாங்க. நம்ம பக்கத்துல ஆயிரக்கணக்குல திரண்டு எல்லையை நோக்கிப் போனாங்க. அப்ப எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். ஏலத்தோட்டத்துக்குப் போன பொம்பளைங்க வேலையில்லாம வீட்டுல இருந்தாங்க, அங்கே தங்கி வேலை செஞ்சவங்க பயந்துக்கிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தாங்க. பழ லாரியும் போகலை, பார்க்க வர்ற வண்டியும் இல்லை. அப்புறம் 2020 மார்ச்சுல கொரோனா. பழம் பந்தல்லயே வெடிச்சுச் சொட்டுனதை நம்ம சங்கத்துல பாதிப்பேரு பார்த்திருக்கோம். அணையால வந்த தொழில், அணைச் சண்டையால நிக்கும். எல்லை திறந்திருந்தாத்தான் இந்தச் சோறு.

கொரோனா அடங்கின பெறகு வந்த கூட்டத்தை நாம யாரும் எதிர்பார்க்கலை. ஞாயித்துக்கிழமை சுருளிப்பட்டி ரோட்டுல கேரளா நம்பர் வண்டியா நின்னுச்சு. 2023-ல நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அதாவது, இந்த மண்ணுல விளைஞ்சதை மட்டும்தான் அந்தப் பேர்ல விக்கலாம்னு சட்டப்படி ஒரு காப்பு. பேப்பர்ல வந்ததும் பேரு இன்னும் பரவிடுச்சு.

தோட்டக்காரங்களுக்கு இது ஏன் பெரிய விஷயம்னு வெளியாளுங்களுக்குப் புரியாது. நமக்குத் தெரியும். வியாபாரி தோட்டத்துக்கு வந்து மொத்தமா விலை பேசுவாரு. வரத்து அதிகமான வாரம் அவரு சொல்றதுதான் விலை. மழை பெஞ்சா பழம் வெடிக்கும், செவட்டை நோய் வந்தா இலையெல்லாம் போயிடும். மருந்துக்கடைக் கடன், ஆள் கூலி, எருவு, கம்பி, கல்தூணு எல்லாம் போக ஒண்ணும் மிஞ்சாத அறுப்பு எத்தனையோ. வாசல்ல வந்து நிக்கிற குடும்பத்துக்கு ரெண்டு கிலோ விக்கிறப்ப நாம சொல்றது விலை. அதே பழம், அதே கை, ஆனா நடுவுல ஆளில்லை. ஒரு பத்து சதவீதப் பழம் வாசல்லயே வித்தாக்கூட மருந்துக்கடைப் பாக்கி தீரும்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு. எங்களுக்கு இருக்கிறது ஒரு ஏக்கர் பந்தல்தான், அதுவும் ரோட்டுல இருந்து தள்ளி உள்ளே. ரோட்டை ஒட்டித் தோட்டம் இருக்கிறவங்களுக்குத்தான் இந்த யோகம். உள்காட்டுக்காரங்க அவங்க வாசல்ல கொண்டு போய்ப் பழம் கொடுக்கணும். சுற்றுலா வந்ததுல முதல்ல பிறந்த ஏற்றத்தாழ்வு இதுதான்னு எனக்குத் தோணுது.

இப்ப பந்தலுக்கு அடியில நடக்கிற வேலையைப் பத்திச் சொல்றேன். கவாத்து ஆம்பளைங்க வெட்டுவாங்க, மருந்தும் அவங்க அடிப்பாங்க. கொடி கட்டுறது, இலை கிள்ளுறது, குலையில நெருக்கமா இருக்கிற பிஞ்சைக் கத்தரிக்கிறது, பழம் அறுக்கிறது, பழுது பொறுக்கிப் பெட்டியில அடுக்குறது எல்லாம் நாம. பந்தல் தலைக்கு மேல இருக்கிறதால நாள் முழுக்கக் கையைத் தூக்கியே வச்சிருக்கணும். ராத்திரி தோள்பட்டையில தைலம் தேய்க்காம தூங்க முடியாது. வர்றவங்க அதே பந்தல்ல பத்து நிமிசம் கையைத் தூக்கி ஒரு படம் எடுத்துட்டு "எந்து ரசம்!"னுட்டுப் போவாங்க. அவங்க மேல தப்பில்லை. நல்ல ஜனங்க, "சேச்சி, ஒரு குல பறிச்சோட்டே?"ன்னு கேட்டுத்தான் பறிப்பாங்க. கேட்காமப் பறிக்கிற பிள்ளைங்களும் உண்டு. ஒரு பழம் பிச்சுத் தின்னா அந்தக் குலையே வீண், காயம்பட்ட இடத்துல இருந்து அழுகல் பரவும், பெட்டிக்கு ஆகாது.

மருந்து விஷயத்துல கண்டிப்பா இருக்கணும். குலை மேல வெள்ளை வெள்ளையா இருக்கிறதைப் பார்த்து மருந்தான்னு கேட்பாங்க. பழத்துலயே இயற்கையா ஒரு சாம்பல் பூச்சு உண்டு, அது வேற. துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற போர்டோ கலவையோட கறை வேற. மருந்தடிச்ச தோட்டத்துக்குள்ள ஆளை விடவே கூடாது. அறுப்புக்கு முந்தி விடவேண்டிய நாள் கணக்கை விட்டுட்டுத்தான் பழம் பறிக்கக் கொடுக்கணும். ஆனைமலையன்பட்டியில வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, கேட்டா சொல்லித் தருவாங்க. ஒரு பிள்ளைக்கு வயித்துவலி வந்துச்சுன்னு ஒரு வீடியோ போட்டா மொத்தப் பள்ளத்தாக்குப் பேரும் போயிடும்.

தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூக்கிற பருவத்துக்குக் கேரளாவில இருந்து இதே மாதிரிக் கூட்டம் வரும். வயலுக்குள்ள இறங்கிச் செடியை மிதிச்சதால சில விவசாயிங்க உள்ளே வரக் காசு வாங்க ஆரம்பிச்சாங்க. காசு வாங்கினா ஜனங்க கொஞ்சம் கவனமா நடக்கிறாங்க. நம்ம பக்கம் பெரும்பாலும் உள்ளே வர இலவசம், பழம் வாங்கினாப் போதும். எனக்கு என்னமோ சுந்தரபாண்டியபுரத்துக்காரங்க செஞ்சதுதான் சரின்னு படுது. இதுக்கு நம்ம சங்கத்துலயே ஒத்துக்காதவங்க உண்டு.

வெளிநாட்டுலயும் வெளி மாநிலத்துலயும் இதுக்குச் சட்டதிட்டமே வச்சிருக்காங்க. இத்தாலியில 1985-லயே இதுக்குன்னு தனிச்சட்டம் போட்டாங்க. விவசாயி தன் வீட்டுல விருந்தாளியைத் தங்க வைக்கலாம், தன் விளைச்சலைச் சமைச்சுப் போடலாம், ஆனா விவசாயம்தான் முதல் தொழிலா இருக்கணும், சுற்றுலா அதுக்கு அப்புறம்தான். மகாராஷ்டிராவில பாராமதி பக்கம் பாண்டுரங் தாவரே என்பவர் 2005 வாக்கில இதை ஒரு தொழிலாவே தொடங்கிப் பல விவசாயிகளுக்குக் கத்துக் கொடுத்தார். அந்த மாநில அரசு 2020-ல இதுக்குன்னு கொள்கையும் வெளியிட்டது. எனக்கு இத்தாலிச் சட்டம்தான் ரொம்பப் பிடிச்சது. பந்தல்ல வெள்ளாமை நடக்கிறதாலதான் பார்க்க வர்றாங்க. கவாத்து வெட்டாம, படம் எடுக்க மட்டும் பந்தலை வச்சா அடுத்த வருஷம் அங்கே பழமும் இருக்காது, ஆளும் இருக்காது.

ஆனா நாம கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது குமரகம். கோட்டயம் பக்கத்துல காயல்கரை ஊரு. பெரிய பெரிய ஓட்டல் வந்துச்சு, ஊர்க்காரங்களுக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னு சண்டை. கேரள அரசு 2008 வாக்கில பொறுப்புச் சுற்றுலான்னு ஒரு திட்டத்தை நாலு இடத்துல தொடங்கினாங்க: குமரகம், கோவளம், வயநாடு, அப்புறம் நம்ம தலைக்கு மேல இருக்கிற தேக்கடி. குமரகத்துல குடும்பஸ்ரீ பெண்கள் (நம்ம மகளிர் திட்டம் மாதிரி 1998-ல ஆரம்பிச்சது) குழுவாச் சேர்ந்து காய்கறி போட்டாங்க. ஓட்டல்காரங்க அவங்ககிட்ட வாங்குறதா ஏற்பாடு. தனித்தனியா ஒருத்தி கூடையைத் தூக்கிட்டுப் போனா ஓட்டல் வாசல்ல நிக்க விடமாட்டாங்க. குழுவாப் போய், விலையையும் அளவையும் முன்னாடியே பேசி வச்சதால நின்னுச்சு. கயிறு திரிக்கிறது, ஓலை முடையறது, மீன் பிடிக்கிறதுன்னு கிராமத்து வேலையையே சுத்திக் காட்டி அதுக்கும் கூலி வாங்கினாங்க. எங்க அத்தை கேட்ட கேள்விக்கு அவங்க ஒரு பதில் கண்டுபிடிச்சிருக்காங்க.

நம்ம பக்கத்து நிலவரம் உங்களுக்கே தெரியும். பட்டா பெரும்பாலும் ஆம்பளைங்க பேர்ல. வாசல்ல பணம் வாங்குறதும் அவங்க. ஜூஸ் பிழியறது, ஜாம் கிண்டுறது, பாத்திரம் கழுவுறது, வர்றவங்க பிள்ளைக்குத் தண்ணி கொடுக்கிறது நாம. ஒரு தோட்டத்துல நடந்ததைச் சொல்றேன், பேரு வேண்டாம். எத்தனையோ வருஷமா அங்கே பொம்பளையாளுங்க வேலை செய்யறாங்க, கக்கூஸ் கிடையாது, கரும்புக்காட்டு ஓரமாத்தான் ஒதுங்கணும். பார்க்க ஆளு வர ஆரம்பிச்ச ஒரே வருஷத்துல டைல்ஸ் போட்ட கக்கூஸ் ரெண்டு வந்துச்சு. முதல்ல பூட்டி வச்சிருந்தாங்க, விருந்தாளிக்கு மட்டும்னு. நம்ம அக்கா ஒருத்தங்க போய், "நாங்கதானே கழுவுறோம், எங்களுக்கு மட்டும் சாவி இல்லையா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்குச் சாயந்தரமே பூட்டை எடுத்துட்டாங்க. இந்த முப்பது வருஷத்துல சுற்றுலா நம்ம பொம்பளையாளுங்களுக்குன்னு நேராக் கொடுத்தது எதுன்னு கேட்டா நான் இதைத்தான் முதல்ல சொல்லுவேன்.

ரெண்டாவது, எங்க சங்கத்துக் கடை. நாங்க 12 பேரு உள்கடன் எடுத்து, ஜூஸ் பிழியிற மெஷினும் ஒரு மேசையும் வாங்கி, உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவும் செஞ்சோம். ரோட்டோரத் தோட்டக்காரர் ஒருத்தரு தன் வாசல்ல இடம் கொடுத்தாரு. வாடகை வேண்டாம், பழத்தை என்கிட்டதான் வாங்கணும்னாரு. வியாபாரி கழிச்ச பழம்தான் ஜூஸுக்குப் போதும், ருசியில குறையில்லை, அதனால அவருக்கும் லாபம். தினம் ரெண்டு பேரு முறை வச்சு நிக்கிறோம். மேசை நோட்டுல வரவு செலவு எழுதி ராத்திரி கையெழுத்துப் போடுறோம். மலையாளம் நாலு வார்த்தை எல்லாருக்கும் வந்துடுச்சு. ஏலத்தோட்டத்து ஜீப்புல போய்க்கிட்டு இருந்த மூணு பேரு இப்ப மலைக்குப் போறதில்லை. லீவு நாள் கூட்டத்துல கை ஓயாது, மழைநாள்ல ஈ ஓட்டுறோம்.

ஆனா அந்த இடம் வாய்ப்பேச்சுலதான் இருக்கு. வியாபாரம் நல்லா நடக்கிறதைப் பார்த்து அவரோட சொந்தக்காரங்களே கடை போட ஆசைப்படுறதாக் கேள்வி. போன மாசக் கூட்டத்துல, மூணு வருஷத்துக்குன்னு எழுதி வாங்கணும், விலையை அறுப்புக்கு அறுப்பு முன்கூட்டியே பேசணும், அதுல கூட்டமைப்புத் தலைவி சாட்சிக் கையெழுத்துப் போடணும்னு தீர்மானம் எழுதி அவர்கிட்ட கொடுத்திருக்கோம். ஓணம் முடியட்டும், உக்காந்து பேசுவோம்னு சொல்லியிருக்காரு.